முதல் டேப்

தங்கராஜுவுக்கு அவன் மனைவி பஞ்சாலையின் முகம் வேண்டும். ஒரே ஒரு நொடி இருந்தால் போதும்.

நாளை அவளுக்குக் கருமாதி. மாலை போட்டு வைக்கப் படம் இல்லை. அவள் தம்பி வீரமுத்து வாசலில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

"மாமா, பகாவ் டவுன் போட்டோக் கடைக்காரன் அஞ்சுக்கெல்லாம் சாத்திருவான் லா. அக்கா மூஞ்சி தெரியிற மாதிரி எதாச்சும் ஒண்ணு குடுங்க. வீடியோவா இருந்தாலும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கித் தரேன்னான்."

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பால்மரம் வெட்டு, சனி ஞாயிறில் வீடியோ என்று இத்தனை வருடம் ஓட்டியவன் தங்கராஜு. ரப்பர் தோட்டத்தில் கல்யாணமோ காதுகுத்தோ தீமிதியோ, அவன் கேமரா இல்லாமல் நடந்ததில்லை. அலமாரி பிதுங்க கேசட் வைத்திருக்கிறவன் வீட்டில் பெண்டாட்டி படம் இல்லையாம்!

கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் அடக்கமான பெண்ணாகத் தலையைக் குனிந்து நிற்கிறாள். வகிடுதான் தெரிகிறது. அடையாள அட்டையை, சாவைப் பதியப் போன இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தலைவலி என்று ஒரு சாயங்காலம் படுத்தாள். அவ்வளவுதான். சொல்லிக்கொள்ளாமல் போனவள் இப்போது முகத்தைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறாள்.

இரண்டு நாளாகக் கேசட் கேசட்டாகப் போட்டுப் பார்த்துவிட்டான். தம்பின் ஊர் மாப்பிள்ளைகள், போர்டிக்சன் ஊர் சம்பந்திகள், வாய் நிறையச் சோற்றோடு கேமராவை முறைக்கும் பெரியவர்கள், யார் யாரோ இருக்கிறார்கள். பஞ்சாலை இல்லை.

எப்படி இருப்பாள்? பழைய கேமராவுக்கு இருக்கிற வெளிச்சம் போதாது. பக்கத்தில் ஒருவர் பெரிய லைட்டைத் தூக்கிப் பிடித்தே ஆக வேண்டும். ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது என்று அவன் பெண்டாட்டியையே பிடிக்க வைத்தான். அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. நீ படத்தில் விழக்கூடாது.

கெட்டிக்காரி. ஒருநாளும் விழவில்லை. நிழலைக்கூட விழவிடவில்லை.

வீரமுத்துவின் கல்யாணத்திலேயே, மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய கூடப்பிறந்த அக்கா, மேடைக்குக் கீழே லைட்டோடு நின்றாள். சித்தப்பா மகள் ஒருத்தி முடிச்சுப் போட்டாள். அவள் முகம் கேசட்டில் ஜெகஜோதியாக இருக்கிறது.

எல்லோரும் எழுந்த பிறகுதான் பஞ்சாலை பந்தியில் உட்காருவாள். லைட்டின் சூட்டில் சிவந்த கையால் ஆறிப்போன சோற்றைப் பிசைவாள். புது கேமரா வரட்டும், உன்னை முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினான்.

வந்தது, போன மாதம். டிஜிட்டல். உள்ளங்கையில் அடங்கியது. டேப் தீப்பெட்டி அளவுதான். பக்கவாட்டில் ஒரு சின்னத் திரை கதவு மாதிரி திறந்தது. மங்கிய அறையிலும் புருவத்து மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. இனி லைட்டே வேண்டாம்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் அவன் முதலில் எடுத்தது அவளைத்தான்.

இந்தப் பாழாய்ப்போன புத்திக்கு அது இப்போதுதான் உறைத்தது. அடுப்படி வாசலில் நின்றாள். திரையில் தன்னையே பார்த்துவிட்டு வெட்கம் தாங்காமல் சிரித்தாள். முழு முகம், மூக்குத்திக் கல்லோடு.

"கெடச்சிருச்சுடா, இரு!" என்று வாசலைப் பார்த்துக் கத்துகிறான்.

மோட்டார் நிற்கிறது. வீரமுத்து ஓடி வருகிறான். தங்கராஜு டேப்பை ஆரம்பத்துக்கு ஓட்டி, ஒயரை டிவியில் செருகுகிறான்.

திரையில் பிள்ளையார்.

தோட்டத்துக் கோயில் பிள்ளையார். எண்ணெய் மினுக்கும் தொந்தி, கழுத்தில் அருகம்புல் மாலை. ஒவ்வொரு புல்லையும் பிரித்துப் பார்க்கலாம், அத்தனை துல்லியம்.

தங்கராஜுவுக்கு மிச்சமும் நினைவுக்கு வருகிறது. அவள்தான் சொன்னாள், புது டேப்பில் முதலில் நானா, நன்றாகவா இருக்கும், பிள்ளையாரை எடுங்கள் என்று. அவன் எடுத்த எந்தக் கேசட் பிள்ளையார் இல்லாமல் தொடங்கியிருக்கிறது? அவனுக்கும் சரியென்றுதான் பட்டது. டேப்பைப் பின்னால் ஓட்டி, அவள் முகத்தின் மேலேயே பிள்ளையாரை ஆற அமர எடுத்தான்.

பழைய கேசட்டில் அழித்த இடத்தில் கோடு கோடாகவாவது ஏதாவது மிஞ்சும். இது அழித்தால் சுத்தமாக அழித்துவிடுகிறது.

திடீரென்று பிள்ளையார் பளிச்சென்று வெளுக்கிறார். வேண்டாமென்று சொல்லியும் பழக்கதோஷத்தில் அவள் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கருங்கல் தொந்தியில் அந்த லைட் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால்தான் நிற்கிறாள். தங்கராஜு டிவியில் மூக்கு இடிக்கும்வரை நெருங்கிப் பார்க்கிறான். கண் கூசுகிறது, வேறொன்றும் இல்லை.

வீரமுத்து மணியைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது டிவியிலிருந்து பஞ்சாலையின் குரல் வருகிறது. பக்கத்தில் நின்று கேட்பதுபோல் அவ்வளவு தெளிவு.

"நான் விழலையே?"

தங்கராஜுவின் குரல் பெருமையாகப் பதில் சொல்கிறது.

"இல்ல லா. சுத்தமா இருக்கு."