செங்காந்தள் தொட்டி

முப்பது வருடம் காட்டிலிருந்து ஒரு செடியைக்கூட யாரையும் எடுக்கவிடாத வனக்காவலர் தங்கையா, ஓய்வு பெற்ற அன்று தானே ஒரு செங்காந்தள் கிழங்கைக் களவாண்டு வந்து மகன் வீட்டுத் தொட்டியில் நட்டார். மழைக்காலத்தில் பூத்தது. கோடைக்கு முன்பே கொடி காய்ந்துவிட்டது. கிழங்கு ஈரம் படாமல் கிடந்தால் அடுத்த மழைக்கு எழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மருமகள் எஸ்தரிடம், "தொட்டியப் பாத்துக்க தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது மண் சதசதவென்று இருந்தது.

"ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனேன் மாமா. ஒண்ணுமே முளைக்கல" என்று அழுதுவிடுபவளைப்போல் நின்றாள் எஸ்தர்.

அவர் மண்ணுக்குள் விரலை விட்டார். கிழங்கு கூழாக நசுங்கியது. விரலை எடுத்து, மண்ணை மெல்ல மூடினார்.

"தூங்குது தாயி" என்றார். "சத்தம் போடாத."