மழைக்காலத்துக்கு மாத்துங்க

"இந்த ஹால்ல இருக்கறவங்கள்ல, போன வாரம் குழிக்குள்ள இறங்கி மண்ணைச் சுரண்டினவங்க யாரு? கையைத் தூக்குங்க பார்ப்போம்."

மைக்கை அவகிட்ட யாரும் கொடுக்கல. அவளே எடுத்துக்கிட்டா.

தொல்லியலாளர் சங்கத்தோட வருஷக் கூட்டம். முன்வரிசை பூரா அகழாய்வு டைரக்டருங்க. அவங்களுக்குப் பின்னால பேராசிரியருங்க. அதுக்கும் பின்னால காலி நாற்காலிங்க. ஒரு கைகூட மேல வரல. தூக்கினது அவ கை மட்டும்தான். நகத்துக்குள்ள இன்னும் செம்மண்ணு.

படிச்சுக்கிட்டே களத்துக்கு வந்த பொண்ணு. இதுதான் முதல் சீசன். வந்த வேகத்துலயே குழியில எல்லாரும் அவளுக்கு வாயாடின்னு பேர் வச்சுட்டாங்க.

"களத்துல வேலை செய்யறவங்களோட குரல்னு பேனர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க எங்க சார்?"

மேடையில இருந்த செயலாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கோம்மா."

அனுப்பினது உண்மை. அதுதான் அவளுக்கு மண்டையைக் குடைஞ்சுது. டைரக்டர் பக்கத்துல இல்லாம ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கக் கூடாதுங்கறது விதி. அவர் கூட்டத்துக்குக் கிளம்பிட்டா குழிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க. ஆக, இன்னிக்கு யாருக்கும் வேலை கிடையாது. நேத்து முழுக்க வாங்க வாங்கன்னு ஒவ்வொருத்தரையா கெஞ்சினா. ஒருத்தரும் அசையல.

குழியில அவ பக்கத்துல உட்கார்ந்து மண் சுரண்டற அக்கா மட்டும் சிரிச்சாங்க. "நீ போய் எங்களுக்கும் சேர்த்துப் பேசிட்டு வாடி."

பேனர்ல இருந்த தேதியை மறுபடி பார்த்தா. சட்டுனு பொறி தட்டுச்சு.

"ஒரு சந்தேகம் சார். மழைக்காலத்துல தோண்ட முடியாது. நாங்க வீட்டுல சும்மாதான் இருக்கோம். அப்போ கூட்டம் போடாம, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாம நாங்க களத்துலயே தங்கி இடுப்பொடியற சீசன்ல எதுக்குப் போடறீங்க?"

"முன்னாடி மழைக்காலத்துலதான் நடந்துது"ன்னு ஒரு பேராசிரியர் எடுத்துக் கொடுத்தார். "இவர் செயலாளர் ஆனதும் மாத்திட்டார்."

"ஓ. இது உங்க வேலைதானா?"

"அதுக்குக் காரணம் இருக்கும்மா. வெளியில போய்ப் பேசுவோமா?"

"எதுக்கு சார் வெளியில? இங்கயே சொல்லுங்க, நாலு பேர் கேட்கட்டும்."

செயலாளர் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"பார்த்தீங்களா, பதில் வரல. நாங்க வந்து கேள்வி கேட்டுடுவோம்னு பயம். தேதியை மாத்தறதுக்கு முன்னாடி களத்துல நிக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

முன்வரிசையில இருந்து அவளோட டைரக்டரே எழுந்தார். தொலைஞ்சோம்னு நினைச்சா.

"பொண்ணு சொல்றது நியாயம்தான். மழைக்காலத்துக்கே மாத்திடுங்க. நமக்கும் சீசன்ல ஒரு நாள் வேலை கெடாம இருக்கும்."

அவ்வளவுதான். முதல் கேள்விக்கு மடியை விட்டு எழும்பாத கையெல்லாம் இப்போ மேல வந்துடுச்சு.

தீர்மானம் நிறைவேறிச்சுன்னு செயலாளர் அறிவிச்சார். வாயாடிக்கு உச்சி குளிர்ந்துடுச்சு. நேரா வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டா.

பின்னால பஸ் சத்தம், பிள்ளைங்க சத்தம்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"ஊருலடி. விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிட்டேன். பொண்ணோட ஸ்கூல் வாசல்ல நிக்கறேன், இப்ப விட்டுடுவாங்க. வர்றேன்னு அவகிட்ட சொல்லவே இல்ல. நீ சொல்லு, கிழிச்சியா?"

"நார் நாரா கிழிச்சுட்டேன். அடுத்த வருஷத்துல இருந்து கூட்டம் மழைக்காலத்துல. நீங்க எல்லாருமே வரலாம்."



"அப்போ... சீசன்ல கூட்டமே கிடையாதா?"

"கிடையாதுக்கா. எல்லா நாளும்போல வேலைதான்."

சொல்லி முடிக்கறப்பவே அவளுக்கு என்னமோ இடிச்சுது.

"செயலாளர் ஒண்ணும் சொல்லலையாடி?"

"வெளியில போய்ப் பேசலாம்னார். நான்தான் விடல."

"டைரக்டருங்களை எதிர்ல வச்சுக்கிட்டு அவர் எப்படிச் சொல்வார்? அவங்க அத்தனை பேரையும் சேர்த்து ஒரு நாளாவது குழியை விட்டுக் கிளப்புங்க சார், நாங்க பிள்ளைங்க முகத்தைப் பார்க்கணும்னு அவர்கிட்ட கேட்டதே நாங்கதான். அதுக்குத்தான் தேதியை மாத்தினார். வருஷா வருஷம் திட்டும் வாங்கிக்கிறார்."

வாயாடி ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் செயலாளர் தனியா நாற்காலிகளை அடுக்கிக்கிட்டிருந்தார்.

போன்ல மணி அடிச்சுது. பிள்ளைங்க ஓடி வர்ற சத்தம். அதுக்கு நடுவுல அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க.

"நேத்து அத்தனை தடவை வாங்க வாங்கன்னு கூப்பிட்ட. ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டியாடி?"