மூக்கு வணக்கம்

ரோமாபுரியே நம்மிடமிருந்து போனதுதான் என்று அரசு அறிவித்ததிலிருந்து, ஒவ்வொரு வாசலிலும் குடும்பத் தலைவரின் தலையை ரோமானியப் பாணியில் சலவைக்கல்லில் செதுக்கி வைத்தாக வேண்டும். வாசல் கேமராவில் அவர் முகம் அந்தச் சிலையோடு ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும்.

பாளையங்கோட்டை குணசீலனின் சிலையைப் பார்த்து எதிர்வீட்டு ஆவுடையப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

“என்னவே, மூக்கு முழுசா இருக்கு? எந்தப் பழைய சிலைக்குவே மூக்கு இருக்கு? நேத்து முளைச்ச குடும்பமோ?”

குணசீலனுக்குச் சுருக்கென்றது. சுத்தியலை எடுத்து ஒரே போடாகப் போட்டார். தேசப்பற்று பொங்க வீட்டுக்குள் நுழையப் போனால், “ஆள் வேறு” என்றது கதவு.

“சிலைக்குத்தான் மூக்கில்லையே, நீங்களும் பொத்திக்கிட்டு நில்லுங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் மனைவி பிரேமா. பொத்தினார், திறந்தது.

தினமும் அவர் சிலைமுன் மூக்கைப் பொத்தி நிற்பதைத் தெரு பார்த்தது. புது தேசிய வணக்கம் போலிருக்கிறது என்று தெருவும் பொத்தியது. பிறகு ஊர் பொத்தியது, நாடே பொத்தியது.

சுதந்திர தினத்தன்று கொடி ஏறியபோது மைதானமே மூக்கைப் பொத்தி நின்றது. இங்கேதான் கதவு இல்லையே என்று குணசீலன் மட்டும் கையைத் தொங்கவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

அன்று பிடிபட்ட ஒரே தேசத்துரோகி அவர்தான்.