ஏழாவது தெரு

“ஏழாவது தெருவைத் தூக்கிருங்க தம்பி. ஒரு பயமும் வரல” என்றார் அச்சக முதலாளி கண்ணுச்சாமி.

காசிமாயனுக்குச் சுள்ளென்று ஏறியது. தல்லாகுளத்தில் குமாஸ்தா வேலை. அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே பேய் வளர்த்தவர். ‘ஆளில்லாத ஊர்’ அவர் எழுதிய விளையாட்டுப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பகடை உருட்டி அந்த ஊருக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்.

எழுபத்தொன்பதில் வந்த முதல் பதிப்பில் கிணறு நடந்து வந்தது, வீட்டுக்குள் மழை மேல்நோக்கிப் பெய்தது. அப்படியும் பயம் போதவில்லை என்று வாங்கியவர்கள் கார்டு எழுதிப் போட்டார்கள். அதற்காகவே இரண்டாம் பதிப்பில் ஏழாவது தெருவைச் சேர்த்திருந்தார்.

அந்தத் தெருவில் செருப்போடு நடப்பவனை வீடுகள் எழுந்து துரத்தும். பகடையில் ஆறு விழுந்தால் தப்பலாம். ஒன்று விழுந்தால் புளியமரத்தில் கட்டி வைத்து அடிக்கும்.

“செருப்புப் போட்டதுக்கு வீடு அடிக்குமா? யாரு நம்புவா?”

“அண்ணே, இம்புட்டுலயும் இது ஒண்ணுதான் நெசம். சின்னப்புள்ளையில எங்க ஊர்ல கண்ணால பாத்தேன். அடிச்சது ஆளுக. நான் வீடுன்னு மாத்திட்டேன், அம்புட்டுதான்.”

கண்ணுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோரிப்பாளையத்துக்கு அச்சுக் கோக்க வந்து, கடைசியில் அந்த அச்சகத்தையே வாங்கியவர். சொந்த ஊரைக் கேட்டால் மதுரை என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

“நெசத்த வச்சு வெளாட்டு வேணாம் தம்பி.”

“யாவாரம் படுத்துரும்னு பயம் ஒங்களுக்கு. டவுன்லயே இருக்குற ஆளுக்கு இந்தக் கொடுமையெல்லாம் எங்க தெரியப்போகுது? இது இல்லாம அச்சடிக்கிறதா இருந்தா எனக்குப் புஸ்தகமே வேணாம்.”

கண்ணுச்சாமி கையெழுத்துத் தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி நீட்டினார். மூன்று வருட உழைப்பு இப்படித் திரும்பி வரும் என்று காசிமாயன் நினைக்கவே இல்லை. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எழுந்தார்.

“அந்த ஆளு எப்பிடி விழுந்து விழுந்து ஓடுனான் தெரியுமாண்ணே? பாத்திருந்தா இப்பிடிப் பேச மாட்டீங்க.”

“விழுந்திருப்பாரு. புதுச் செருப்பு, காலக் கடிச்சிருக்கும்.”

வாசல்வரை போன காசிமாயன் திரும்பினார். “புதுசுன்னு நான் எழுதலையே?”

“மொதச் சம்பளத்துல எங்கப்பாவுக்கு நான் வாங்கிக் குடுத்தது.”