வீட்டுக்காரர் மேல் ஒரு புகார்

வாடகைதாரர் உதவி மையத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்து புகார் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்மணிதான்.

"மழை வந்தா மாடி வீட்டுல கூரை ஒழுகுது சார். பாத்ரூம் கதவு கையோட வருது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

"என்ன சொல்றார்?"

"பார்க்கலாம், பார்க்கலாம்னு மழுப்பறார்."

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "ரிப்பேர் பண்ணித் தர்றது அவர் கடமைம்மா. நாளைக்கே நான் நேர்ல வர்றேன். கோபத்துல வீட்டை விட்டுப் போகச் சொன்னார்னா பயப்படாதீங்க, சட்டம் இருக்கு."

"என்னையா? சொல்லிடுவாரா என்ன!" என்று அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாள் அதிகாரி நீட்டிய நோட்டீஸைப் படித்த வீட்டுக்காரர் தாம்தூமென்று குதித்தார். "மாடியில இருக்கறவங்க வாயில்லாப் பூச்சிங்க. அவங்களா புகார் கொடுத்தாங்க?"

"நான்தாங்க கொடுத்தேன்!" சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அந்தப் பெண்மணி. "கைக்குழந்தையோட நனையறாங்க, பாவம். கொத்தனாரைக் கூப்பிடுறீங்களா, இல்ல நானும் மாடிக்கே குடிபோயிடட்டுமா?"

அதிகாரி திருதிருவென்று விழித்தார். "அம்மா, வீட்டுக்காரர்னு நீங்க சொன்னது..."

"சரியாத்தானே சார் சொன்னேன்? அவங்களுக்கும் வீட்டுக்காரர், எனக்கும் வீட்டுக்காரர்!"

வீட்டுக்காரர் உடனே கொத்தனாருக்குப் போன் போட்டார்.