நேர் வகிடு

பாஸ்போர்ட்டைத் தலைமுடியிலேயே பதிக்கத் தொடங்கிய பிறகு, வெளிநாடு போகிறவர்கள் யாரும் அதைத் தொலைப்பதில்லை. திருடவும் முடியாது. திலகவதிதான் அதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டாள்.

"மக ஒஸ்லோவுல இருக்கா. சுகப்பிரசவம் ஆனா முடி இறக்குறேன்னு வேண்டியிருந்தேன். அதைத் தீர்க்காம குழந்தை முகத்தைப் பாக்கக் கூடாதில்ல? போன மாசமே இறக்கிட்டேன். பாஸ்போர்ட் நெனப்பே வரலம்மா," என்றாள் சென்னை விமான நிலையத்தில். அவள் பையில் பிரசவ லேகியம் இருந்தது.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி ரெஜினா திரையைப் பார்த்தாள். "கோயில்ல ஏலம் எடுத்தவங்க உங்க முடியில விக் பண்ணி வித்திருக்காங்கம்மா. கணக்குப்படி நீங்க நேத்தே மிலான்ல இறங்கிட்டீங்க."

திலகவதி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். "அங்க எப்படி இருக்கேன்? காட்டேன்."

ரெஜினா திரையைத் திருப்பினாள். புருவமும் இமைமுடியும் உதிர்ந்துபோன ஓர் இளம்பெண், திலகவதியின் முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதை ரத்து பண்ணிட்டா உங்களுக்கு இன்னைக்கே தற்காலிக பாஸ் தரலாம். ஆனா அந்தப் பொண்ணு விக்கைக் கழட்டிக் கொடுத்துடணும். பண்ணவா?"

"பண்ணலைன்னா?"

"உங்களுக்கு ஒரு சாண் முடி வளர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

அதற்குள் பேரன் நடக்க ஆரம்பித்துவிடுவான். திலகவதி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு சேதி மட்டும் அனுப்ப முடியுமா? கோண வகிடு எடுத்திருக்கா. அந்த முடிக்கு நேர் வகிடுதான் நிக்கும்."