தங்கை வந்த வழி

வெகு தொலைவில் ஒரு விண்மீன் வெடித்து, மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தாள். அவள் பெற்ற ஒளிக்கதிர்களில் மூத்தவள் முதலில் புறப்பட்டாள். பத்து நாள் கழித்து இளையவள். பூமிக்கு வந்து, மலையுச்சித் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியில் இறங்கிய மூத்தவள், "பத்து நாளில் தங்கை வந்துவிடுவாள். அதுவரை இங்கேயே இருக்கிறேன்" என்றாள்.

பத்து நாளும் போனது. யாரும் வரவில்லை.

"உன் தங்கை வழியில் எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்" என்று கண்ணாடி சீண்டியது.

"நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது" என்றாள் மூத்தவள். ஆனாலும் அந்த இருட்டில் தங்கை தொலைந்துபோயிருப்பாளோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள் இளையவள் வந்து விழுந்தாள்.

"எங்கேடி தங்கினாய்?"

"எங்கும் தங்கவில்லை அக்கா. உன் வேகத்தில்தான் ஓடிவந்தேன். நமக்கு நடுவிலிருந்த வெளிதான் புளித்த மாவு போலப் பொங்கிக்கொண்டே இருந்தது."

இவர்கள் ஓடி முடிப்பதற்குள் அண்டமே இரு மடங்காகி, பத்து நாள் இடைவெளியும் இருபதாகியிருந்தது.

மூத்தவள் வந்த வழியை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா எப்படியிருந்தாள்?"

"மங்கிக்கொண்டிருந்தாள். நம் தங்கைகளை இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்."

அம்மா அணைந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மூத்தவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அணைவதை இங்கிருந்து பார்த்து முடிக்க, அங்கே ஆனதைப்போல் இரு மடங்கு நாளாகும்.

"உட்கார்" என்று தங்கைக்கு இடம் விட்டு நகர்ந்தாள். "அம்மாவை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்."